சபாவை நடத்துபவர்கள் யார்? நிர்வாகிகளின் பின்னணியைப் படிக்கும் முறை

மும்பையில் எந்தத் தமிழ்ச் சபாவின் ஆண்டு மலரை எடுத்தாலும், முதல் சில பக்கங்களைப் பெரும்பாலோர் படிக்காமல் தள்ளிவிடுகிறோம். ஆசியுரை, வாழ்த்துரை, நகைக்கடை விளம்பரம், அவற்றுக்கு நடுவே பாஸ்போர்ட் அளவுப் படங்களுடன் நிர்வாகிகள் பட்டியல். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு வரி: ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், ஆடிட்டர், நாட்டிய ஆசிரியை, சமூக சேவகர், தொழிலதிபர். அலங்காரத்துக்காகப் போட்டதுபோல இருக்கும் அந்த ஒற்றை வரிகளைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால், அந்த அமைப்பு எதை நன்றாகச் செய்யும், எதில் கோட்டைவிடும் என்று பெருமளவு ஊகித்துவிடலாம் என்பது என் துணிபு. எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன். சபாவில் உறுப்பினராகச் சேர நினைப்பவருக்கும், நன்கொடை கேட்டு வருபவரை வாசலில் நிறுத்திவைத்து யோசிப்பவருக்கும், கமிட்டிக்கு வாருங்கள் என்று அழைக்கப்பட்டுத் தயங்குபவருக்கும் இது உதவும்.

சமூகக் கலை அமைப்பு என்று எதைச் சொல்கிறோம்? லாபத்துக்காக நிகழ்ச்சி நடத்தும் கம்பெனி வேறு. அரசு நடத்தும் அகாதெமி வேறு. ஒரு வட்டாரத்து மக்களோ, ஒரு மொழி பேசுபவர்களோ, ஒரே பிழைப்பில் இருப்பவர்களோ தாங்களே கூடி, சந்தாவும் நன்கொடையும் திரட்டி, பெரும்பாலும் சம்பளமில்லாத உழைப்பில் நடத்துவது சமூகக் கலை அமைப்பு. மாட்டுங்காவின் கச்சேரி சபாவும், செம்பூரின் பஜனை மண்டலியும், சயானில் இருக்கும் தமிழ்ச் சங்கமும், தாராவிச் சந்துக்குள் குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லித்தரும் ஓர் அறையும், தெருமுனையில் நாடகம் போடும் இளைஞர் குழுவும் இதில் அடங்கும். அளவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. ஆனால் யார் பொறுப்பேற்பது, காசுக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்விகள் எல்லாருக்கும் ஒன்றுதான்.

சட்டமும் இதில் கொஞ்சம் தலையிடுகிறது. 1860ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டப்படி ஒரு சங்கத்தைத் தொடங்கக் குறைந்தது 7 பேர் வேண்டும். மகாராஷ்டிரத்தில் அதே சங்கம் 1950ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் கீழும் பதிவாக வேண்டும். ஆகவே இங்கே ஒரு சபாவின் நிர்வாகி சட்டத்தின் கண்ணில் அறங்காவலரும் ஆகிறார். கலையார்வம் உள்ளவர்கள் மூன்று பேர் எளிதில் கிடைப்பார்கள், நான்காவதாக ஒரு நண்பரும் வருவார். மீதி மூன்று கையெழுத்துக்காகத்தான் அலைச்சல். பல சபாக்களின் முதல் கமிட்டியில் பொருளாளரின் மைத்துனர் இடம்பெற்றிருப்பதன் ரகசியம் இதுதான் என்று நான் சந்தேகிப்பதுண்டு.

மும்பைத் தமிழர் அமைப்புகளில் அடிக்கடி தென்படும் பின்னணி அலுவலகம்தான். சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் மாட்டுங்காவுக்குக் குடிவந்த தென்னிந்தியர்களில் பெரும்பங்கினர் ரயில்வேயிலும் துறைமுகத்திலும் வங்கிகளிலும் தனியார் கம்பெனிகளிலும் எழுத்தர், சுருக்கெழுத்தர், கணக்கர் வேலை பார்த்தவர்கள். பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்த அவர்கள் கோயிலும் பள்ளிக்கூடமும் பஜனை மடமும் சபாவும் தொடங்கினார்கள். 1932இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் அந்தக் காலத்து முயற்சிகளில் ஒன்று. பகலில் கோட்டைப் பகுதி அலுவலகத்தில் கடிதம் தட்டச்சு செய்தவர், மாலையில் சபாவின் தீர்மானப் புத்தகத்தை எழுதினார். இன்றும் பழைய சபாக்களின் நடைமுறைகளில் அந்த அலுவலக வாசனை போகவில்லை. சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வாசித்து ஒப்புதல் பெறாமல் அடுத்த பேச்சே எடுக்க மாட்டார்கள்.

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. ஸ்ரீ ஷண்முகானந்த நுண்கலை சங்கீத சபாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1952இல் தொடங்கியது, 1963இல் சொந்த அரங்கம் கட்டியது, 1990இல் அந்த அரங்கம் தீக்கிரையானது, 1998இல் மீண்டும் திறந்தது. 2,700க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அரங்கத்தை மறுபடி எழுப்ப எட்டாண்டு பிடித்தது. அந்த எட்டாண்டும் ஒரு சபாவின் அறையில் என்னென்ன பேசியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்: இன்சூரன்ஸ், கட்டட வரைபடம், மாநகராட்சி அனுமதி, தீயணைப்பு விதி, நிதி திரட்டல். காம்போதி ராகத்தைப் பற்றிய பேச்சு அங்கே எடுபடாது. கட்டுமானக் கணக்கும் கோப்பும் புரிந்தவர்கள் தேவைப்படும் நேரம் அது. கச்சேரி நடக்கும் மாலையில் கண்ணுக்குத் தெரியாத இந்தத் திறமைதான் சபாவுக்குக் கூரை போடுகிறது.

ஆனால் அலுவலகப் பின்னணிக்கு ஒரு சாய்வும் உண்டு. ஆயுளெல்லாம் தணிக்கைக்குப் பயந்து வேலை பார்த்தவர், கலை விஷயத்திலும் பத்திரமான பக்கமே சாய்வார். சென்ற ஆண்டு அரங்கம் நிறைந்த பாடகரையே இந்த ஆண்டும் அழைப்பார். கேள்விப்படாத பெயர், புதிய வடிவம், பறையிசை, கூத்து என்றால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று ஒத்திவைப்பார். அவர் ஓய்வுபெற்றவர் என்றால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். நேரம் அவர் கையில் தாராளமாக இருக்கிறது, எல்லார் கையிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார். வேலைநாளில் மாலை ஆறு மணிக்குக் கச்சேரி வைத்துவிட்டு, அந்தேரி அலுவலகத்திலிருந்து தாதர் வந்து ரயில் மாறி வர வேண்டிய இளைஞர்கள் சபாவுக்கு வருவதில்லை என்று ஆண்டுப் பொதுக்குழுவில் வருத்தப்படுவார்கள்.

இரண்டாவது வகை, கலைஞரே தலைமை ஏற்பது. மாட்டுங்காவில் 1945இல் உருவான ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தஞ்சை மண்ணின் நட்டுவனார் மரபில் வந்த கோவிந்தராஜ பிள்ளையும் குப்பையா பிள்ளையும் அவர்கள் குடும்பத்தினரும் பம்பாய்க்கு வந்து வேரூன்றிய பள்ளி அது. இங்கே தலைமைக்கான தகுதி பட்டப்படிப்பு கிடையாது. தலைமுறையாகக் கையிலும் காதிலும் வந்த தாளமும் ஜதியும். நாட்டியம் கற்பதற்குத் தமிழ்நாட்டுக்கே போக வேண்டும் என்ற நிலையை இத்தகைய குருமார்கள்தான் பம்பாயில் மாற்றினார்கள். தமிழர் அல்லாத வீட்டுப் பிள்ளைகளும் அவர்களிடம் வந்து தட்டுக்கழியின் ஓசைக்கு அடவு பழகினார்கள்.

கலைஞர் தலைமையில் தரம் தளராது. தவறான முத்திரையோடு ஒரு மாணவி மேடையேறுவதைக் குரு சகித்துக்கொள்ள மாட்டார், மாணவியின் தந்தை எவ்வளவு பெரிய புரவலராக இருந்தாலும். சிக்கல் வருவது வேறு இரண்டு இடங்களில். ஒன்று காகிதம். அறங்காவலர் மாறினால் 90 நாளுக்குள், அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் அறநிலைய ஆணையர் அலுவலகத்துக்கு மாற்ற அறிக்கை கொடுக்க வேண்டும்; கணக்கைத் தணிக்கை செய்து ஆண்டுதோறும் ஒப்படைக்க வேண்டும். அரங்கேற்றக் காலத்தில் இதெல்லாம் எந்தக் குருவின் நினைவிலும் நிற்பதில்லை. இரண்டாவது வாரிசுக் கேள்வி. குருவுக்குப் பிறகு யார்? மகனா, மகளா, மூத்த மாணவியா? கலை பரம்பரையாக வருவது அழகுதான். பொதுமக்களின் நன்கொடையில் நடக்கும் பள்ளியின் தலைமைப் பதவியும் அதே வழியில் போகலாமா என்பதை எழுதிவைக்காத பள்ளிகள், குரு போன மறுமாதமே இரண்டாக உடைகின்றன.

மூன்றாவது வகை மும்பைக்கே உரியது என்று சொல்லத் தோன்றுகிறது: கலையை மக்கள் பிரச்சினையோடு சேர்த்துப் பார்த்தவர்கள். 1943 மே மாதம் இந்த நகரில் உருவான இந்திய மக்கள் நாடக மன்றத்தின் முதல் நிர்வாகிகளைப் பாருங்கள். தலைவர் என். எம். ஜோஷி, தொழிற்சங்கத் தலைவர். பொதுச்செயலாளர் அனில் டி சில்வா, இலங்கையில் பிறந்தவர், எழுத்தாளர். பொருளாளர் கே. ஏ. அப்பாஸ், பத்திரிகையாளர். மேடையேறி நடிப்பதையே பிழைப்பாகக் கொண்டவர் யாரும் இந்த மூவரில் இல்லை. வங்கப் பஞ்சக் காலத்தில் நாடகத்தின் மூலம் நிதி திரட்டவும், ஆலைத் தொழிலாளர் முன் நாடகம் போடவும் அந்த மன்றத்தால் முடிந்தது என்றால், தொழிலாளியின் வாசலுக்கு வழி தெரிந்தவர் தலைமையில் இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

தாராவியில் இந்த மரபின் இன்றைய வடிவத்தைக் காணலாம். 2015இல் அங்கே நடந்த தாராவி பினாலே என்ற கலைவிழாவை முன்னின்று நடத்தியது ‘ஸ்னேஹா’ என்ற நலவாழ்வு அமைப்பு. 1999இல் அதைத் தொடங்கிய அர்மிடா பெர்னாண்டஸ், சயான் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தை மருத்துவராக இருந்தவர். தாய்ப்பால் வங்கியை அங்கே முதன்முதலாக ஏற்படுத்தியவரும் அவரே. விழாவை வழிநடத்தியவர்களில் டேவிட் ஆஸ்ரினும் மருத்துவர்தான். நயரீன் தாருவாலா உளவியல் துறையைச் சேர்ந்தவர். மருத்துவர்களுக்குக் கலைவிழாவில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அங்கே படைக்கப்பட்டவற்றைப் பார்த்தால் விடை கிடைக்கும்: வீட்டு வன்முறை நிகழும் இடங்களைக் குறித்துப் பெண்கள் துணியில் தைத்த தாராவி வரைபடம் அவற்றில் ஒன்று. ஒரு பெண் ஆய்வாளரிடம் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவதை ஊசியும் நூலும் கொண்டு சொல்ல முடிந்திருக்கிறது. அந்தப் பெண்களின் நம்பிக்கை ஒரு வாரத்தில் கிடைத்திருக்காது; அமைப்பு அங்கே ஆண்டுக்கணக்கில் பணியாற்றியதால் வந்தது.

அதே தாராவியில் வழக்கறிஞர் வினோத் ஷெட்டி வழிநடத்தும் அமைப்பு, குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்களின் உரிமைக்காக வேலை செய்கிறது. அதன் குழந்தைகள் பழைய பீப்பாயையும் டப்பாவையும் வாத்தியமாக்கி ‘தாராவி ராக்ஸ்’ என்ற இசைக்குழுவாக வாசித்தார்கள். தலைவரின் பின்னணி தொழிலாளர் சட்டம். அதனால் அங்கே இசை தனியாக வரவில்லை. தாராவியின் மறுசுழற்சித் தொழிலுக்கு மதிப்புக் கேட்கும் குரலாகவே வந்தது.

இந்த வகைக்கும் ஒரு சாய்வு இருக்கிறது, நல்லெண்ணத்தின் பெயரால் அதை யாரும் சொல்வதில்லை. மருத்துவரும் வழக்கறிஞரும் சமூகப் பணியாளரும் நடத்தும் இடத்தில் கலை ஏதாவது ஒரு செய்தியைச் சுமந்தாக வேண்டும். காசநோய் நாடகம், குப்பை பிரிக்கும் பாட்டு, பெண்கல்வி ஓவியம். நிதி கொடுப்பவரின் அறிக்கையில் "பயன்பெற்றோர் எண்ணிக்கை" என்று ஒரு கட்டம் இருக்கும், அதை நிரப்ப வேண்டும். தாராவிச் சிறுமி ஒருத்திக்கு வெறுமனே ஒரு மயில் வரைய வேண்டும் என்று ஆசை வந்தால், அந்தக் கட்டத்தில் அவளை எங்கே எழுதுவது?

நிதி என்ற சொல் வந்துவிட்டதால், தொழிலதிபர்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கலையையும் பண்பாட்டையும் பேணுவது அந்தப் பட்டியலில் உண்டு. அன்று முதல், கம்பெனி உயர் அதிகாரிகளைக் கமிட்டிக்குள் கொண்டுவரும் ஆர்வம் சபாக்களுக்கு அதிகமாகிவிட்டது. தவறில்லை. அவர் கூட்டத்துக்கு வருகிறாரா, அல்லது அவருடைய படம் மட்டும் மலருக்கு வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பொருளாளர் விஷயத்தில் மட்டும் நான் சமரசம் செய்துகொள்ள மாட்டேன். அங்கே கணக்குப் பின்னணி உள்ளவர்தான் வேண்டும், ரசிகராக இருப்பதோ நல்லவராக இருப்பதோ போதாது. ஒரு நபருக்கு 500 ரூபாய் வரையிலான கச்சேரி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை, அதைத் தாண்டினால் உண்டு. நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி ரசீது கொடுக்கும் சபாவுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தவருக்கு அந்தத் தொகைக்கு வரிக் கழிவு கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் நன்கொடை என்றாலும், அந்த மகன் அந்நாட்டுக் குடிமகனாகியிருந்தால் தனி அனுமதியில்லாமல் வாங்கக் கூடாது. இவற்றில் ஒன்றில் சறுக்கினாலும் ஐம்பதாண்டுச் சபாவுக்கு நோட்டீஸ் வந்துவிடும்.

மலரில் ஒருபோதும் அச்சாகாத பின்னணிகளும் இருக்கின்றன. அவற்றில் முதலாவது, மராத்தி. மேடை நாடகம் என்றால் மாநில அரசின் நாடகத் தணிக்கைக் குழுவுக்குப் பிரதி போக வேண்டும். திறந்த மைதானத்தில் ஒலிபெருக்கி வைக்கக் காவல் நிலைய அனுமதி வேண்டும். இரவு 10 மணிக்குமேல் அது ஓயவும் வேண்டும். பந்தலுக்கு வார்டு அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். அங்கெல்லாம் நல்ல மராத்தியில் இரண்டு வார்த்தை பேசி, "சாஹேப், எங்கள் பொங்கல் விழாவுக்கு நீங்களும் வர வேண்டும்" என்று சொல்லத் தெரிந்தவர், மூன்று முனைவர் பட்டங்களைவிட அமைப்புக்குப் பயன்படுவார். பிறந்து வளர்ந்தது கோலிவாடாவில், படித்தது மாநகராட்சிப் பள்ளியில் என்று இருக்கும் தமிழரிடம் இது இயல்பாக இருக்கும். ஆனால் அவருடைய படத்தின் கீழே எழுத மலர்க் குழுவுக்கு ஒன்றும் கிடைக்காது.

இரண்டாவது, வீட்டில் சொல்லிக்கொடுக்கும் பெண்கள். செம்பூரிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் எத்தனையோ அடுக்குமாடி வீடுகளின் கூடத்தில், மாலை நான்கு மணியிலிருந்து எட்டுவரை சரளி வரிசை ஒலிக்கிறது. சபாவுக்கு நாளைய ரசிகர்களை உருவாக்குவது இந்த டீச்சர்கள்தான். எந்தப் பிள்ளைக்குக் குரல் இருக்கிறது, எந்த வீட்டில் பணமில்லை, யார் பத்தாம் வகுப்பு வந்ததும் பாட்டை நிறுத்திவிட்டாள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பழைய சபா ஒன்றின் கமிட்டியில் இவர்களைத் தேடிப் பாருங்கள். குத்துவிளக்கு ஏற்றவும், இறைவணக்கம் பாடவும், கலைஞருக்குக் காபி கொண்டுபோகவும் அழைக்கப்பட்டிருப்பார்கள். செயலாளர் நாற்காலியில் மட்டும் அவர்களைக் காண்பது அரிது. சில இடங்களில் இது மாறிவருகிறது, மாறிய இடங்களில் குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகள் கூடியிருப்பதையும் நான் கவனித்திருக்கிறேன்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்று நினைக்கிறேன்: யாருக்காக அமைப்பு நடக்கிறதோ அவர்களில் ஒருவராக இருப்பது. தாராவிக்காக நடக்கும் அமைப்பின் கமிட்டியில் தாராவியில் வசிப்பவர் எத்தனை பேர்? முன்னாள் மாணவர் எவராவது முடிவெடுக்கும் இடத்துக்கு வந்திருக்கிறாரா? தாராவிப் பிள்ளைகளின் ராப் இசையை எடுத்துக்கொண்டால், தமிழிலும் இந்தியிலும் அவர்களே எழுதிப் பாடுகிறார்கள். எந்தச் சந்தில் இரவு ஒத்திகை வைக்கலாம், எந்த வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிறது என்பது அங்கே வாழ்பவருக்குத்தான் தெரியும். வெளியிலிருந்து வரும் நல்லவர் அந்த இரண்டாவது தகவலை, புகார் வந்த பிறகுதான் அறிகிறார். குடியிருப்பவர் ஒருவரைக் கமிட்டியில் வைத்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். கூட்டம் ஆங்கிலத்தில், கொலாபாவில், வேலைநாளின் பதினொரு மணிக்கு நடந்தால் தினக்கூலிக்காரர் எப்படி வருவார், வந்தாலும் எதைப் பேசுவார்?

நடைமுறைக்கு வருவோம். ஒரு கமிட்டிப் பட்டியல் கையில் கிடைத்தால் நான் முதலில் விருதுகளைத் தாண்டிவிடுவேன். செயலாளர், பொருளாளர் இருவரையும் பார்ப்பேன், ஏனென்றால் அன்றாட வேலை அவர்கள் தலையில்தான். பிறகு, பட்டியலில் ஒரே மாதிரிப் பின்னணி எத்தனை முறை வருகிறது என்று பார்ப்பேன். ஒரே வங்கியின் ஒரே கிளையில் வேலை பார்த்த நான்கு நண்பர்கள் சேர்ந்து நடத்தும் சபா ஒற்றுமையாக இருக்கும். நான்கு பேரும் ஒரே இடத்தில் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். அடுத்து, பதவிக்காலம். இருபதாண்டு ஒரே செயலாளர் என்றால் அவருடைய தியாகத்தை வணங்கிவிட்டு, அவர் காய்ச்சலில் படுத்தால் வங்கிக் காசோலையில் யார் கையெழுத்திடுவார் என்று கேட்பேன். கேள்வி சற்று முரட்டுத்தனமாகப் படலாம். நன்கொடை கொடுப்பவருக்கு அதைக் கேட்க உரிமை உண்டு.

கமிட்டிக்கு அழைக்கப்பட்டிருக்கும் இளைஞர் யாராவது இதைப் படித்தால், கலை தெரியாதே என்று தயங்க வேண்டாம். அமைப்பில் ஏற்கெனவே என்ன இருக்கிறது, எது இல்லை என்று மட்டும் பாருங்கள். டிக்கெட் விற்பனையை இணையத்தில் நடத்தத் தெரிந்தவர், ஒலியமைப்புப் புரிந்தவர், மராத்தியில் விண்ணப்பம் எழுதக்கூடியவர், இவர்களில் ஒருவராக நீங்கள் இருந்தால் போதும். சேரும் முன் விதிமுறைப் புத்தகத்தின் பிரதி ஒன்றையும் கடைசி மூன்றாண்டு தணிக்கைக் கணக்கையும் கேட்டு வாங்குங்கள். அறங்காவலர் ஆனபின் பழைய குளறுபடிகளுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மலரில் போட்டிருக்கும் பட்டியலும் பதிவேட்டில் உள்ள பட்டியலும் ஒன்றுதானா என்று சரிபார்க்கவும் வழி இருக்கிறது. மகாராஷ்டிர அறநிலைய ஆணையரின் மும்பை அலுவலகம் வொர்லியில், அன்னி பெசன்ட் சாலையில் உள்ளது. ஒவ்வொரு பொது அறக்கட்டளைக்கும் அங்கே ஒரு பதிவு எண்ணும், அதன் கீழ் ஒரு பக்கமும் உண்டு. அறங்காவலர்களின் பெயர், அவர்களுக்குப் பின் பதவி எந்த முறையில் கைமாறும், சொத்து என்ன என்பவை அதில் இருக்கும். விண்ணப்பமும் கட்டணமும் கொடுத்துச் சான்றிட்ட பிரதி கேட்கலாம். விண்ணப்பத்தை மராத்தியில் எழுதிக்கொண்டு போனால் வேலை சீக்கிரம் முடியும்.